சைலன்சரின் மூன்றாவது பூச்சு

தன் பைக் சைலன்சரின் துருப்பிடித்த போல்ட் அடம்பிடிக்காமல் கழன்று வந்ததும், "நல்லா இருப்பே" என்று அதை வாழ்த்திவிட்டுத்தான் கிண்ணத்தில் போட்டார் லிஃப்ட் மெக்கானிக். அவர் சுபாவம் அப்படி. வழிவிட்டவருக்கும் நன்றி, வழியில் கிடக்காத கல்லுக்கும் நன்றி. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தூசி'. ஒரு திருகை மாட்டுவதற்குள் நான்கு முறை துடைப்பார்.

பைக் எட்டு மாதமாக வராந்தாவை விட்டு நகரவில்லை. பக்கவாதத்தில் மனைவியின் வலது கை விழுந்துபோன நாளிலிருந்து அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். "தனியா ஓட்டினா வண்டி ஒரு பக்கமா இழுக்குது" என்று ஒரு சாக்கு. அந்தக் கைக்குப் பிடிமானம் வந்தால்தான் அவள் பின்னால் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விரல்கள் இன்னும் அசையவில்லை. ஆனாலும், ஆள் பிழைத்துக் கிடைத்தாளே என்று அவருக்குத் தினமும் மனசு நிறைந்துதான் போகிறது.

சும்மா நின்ற வண்டியில் சைலன்சர் துருவேறிவிட்டது. அதைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தின்னரால் துடைத்து, கொடிக்கம்பியில் நாற்காலி உயரத்துக்குத் தாழ்வாகத் தொங்கவிட்டார். அறுநூறு டிகிரி சூடு தாங்கும் கறுப்பு ஸ்பிரே பெயிண்ட். பக்கத்து நாற்காலியில் மனைவி, இடது கையில் டீ டம்ளரோடு.

"ஏங்க, கல்யாணத்தன்னிக்கு என்னைக்கூட நீங்க இப்படிப் பார்க்கலையே."

"உன்மேல துரு இல்லையேம்மா."

ஒவ்வொரு பூச்சும் மெல்லிசாக விழ வேண்டும். நடுவே கால் மணி நேரம் காய வேண்டும். பிறகு வண்டியில் மாட்டி, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இருபது நிமிடம். அந்தச் சூட்டில்தான் பெயிண்ட் இறுகும். அதற்குள் விரல் பட்டால் அச்சு அப்படியே வெந்து நின்றுவிடும்.

மூன்றாவது பூச்சு அடித்துவிட்டு, உள்ளே போய்க் கைகழுவி வந்தார். சைலன்சரின் வயிற்றில் தெளிவாக ஒரு பெருவிரல் அச்சு.

"யாரு தொட்டது?" வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

"காஞ்சிடுச்சான்னு பார்த்தேன்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாளைக் கிழித்தவர், அவளைத் திரும்பிப் பார்த்தார். டம்ளர் இடது கையிலேயே இருந்தது, டீ இன்னும் பாதி. மடியில் கிடந்த வலது கையின் பெருவிரலில் கறுப்பு. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்புத்தாளைக் கீழே போட்டார். கொடிக்கம்பியிலிருந்து சைலன்சரை இறக்கி, அவள் வலது கைக்கு இன்னும் வாகாக மடிக்குப் பக்கத்தில் ஏந்திப் பிடித்தார்.

"இந்தப் பக்கமும் காஞ்சிருக்கான்னு பாரேன்."