பயம் வெளியில் நிற்கும் நேரம்

அன்ரோனெற் தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒருவரும் அவளோடு கதைக்கக் கூடாது. அடம்பனில் பாதி கட்டி விட்ட வீட்டின் குசினி வாசலில், விடியப்புறத்து மங்கலில், கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி குந்தியிருப்பாள். மகள் பள்ளிக்கூடச் சட்டையைக் காணவில்லை என்று கத்தினாலும் திரும்பமாட்டாள். அடுத்த வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, "என்ன பிள்ளை, இண்டைக்கும் வேலையோ?" என்று கேட்டாலும், கோப்பை காலியான பிறகுதான் மறுமொழி வரும்.

இது மச்சாள் றஞ்சிதத்துக்குப் பிடிப்பதில்லை. றஞ்சிதம், இறந்துபோன கணவனின் தங்கை. அதே வீட்டில்தான் இருக்கிறாள். "மற்றாக்கள் தேத்தண்ணி குடிக்கிறதில்லையோ? இவ குடிக்கிறது ஏதோ பூசைக்கு நிக்கிற மாதிரி" என்பாள், காது கேட்கத்தக்கதாக.

அன்ரோனெற் சிரித்துக்கொண்டே கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் தொடங்கும். வேலைக்கு ஏற்றிப்போகும் வாகனம் சந்தியில் திரும்பும் சத்தம் கேட்டதும் வயிற்றுக்குள் எதுவோ சுருண்டு படுக்கும். பின்னேரம் வீடு திரும்பும்வரை அது எழும்பிப் போகாது.

அவளுடைய வேலை மிதிவெடி எடுப்பது. சண்டை முடிந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நிலத்துக்குள் இருப்பவற்றுக்கு அது தெரியாது. பெரியமடுப் பக்கத்துப் பற்றைக்காட்டில், கனத்த கவச அங்கிக்குள்ளும் முகத்தை மூடிய கண்ணாடிக்குள்ளும் வியர்த்து ஒழுக, அவளைப் போன்ற பெண்கள் வரிசையாக முழங்காலில் நிற்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒடுங்கிய ஓர் ஒழுங்கை, ஓர் ஆள் நகரும் அளவுக்குப் பாதை. முன்னால் இருக்கும் ஒரு சாண் நிலத்துக்கு மேல் உலோகம் தேடும் கருவியைப் பிடிக்க வேண்டும். அது கத்தினால் மண்ணைப் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். அநேகமாக வெளியே வருவது துருப்பிடித்த ஆணி, துவக்குச் சன்னம், மீன் ரின்னின் மூடி.

"ஆணி எண்டு கண்ணாலை காணுமட்டும் ஆணியும் மிதிவெடிதான்" என்பாள் அன்ரோனெற்.

பயந்த சுபாவக்காரி என்று ஊரில் அவளுக்குப் பெயர். பேசாலையில் மீன்பிடிக்காரர் யாகப்பரின் மகளாகப் பிறந்தவள். சின்ன வயதில் கடலுக்குக்கூடப் பயந்ததில்லையாம். அடம்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, கடைசிச் சண்டை அந்தக் குடும்பத்தை வீட்டிலிருந்து கிளப்பி, ஒவ்வோர் ஊராக நகர்த்தி, கணவனை நடுவழியில் பறித்துக்கொண்டது. பிறகு முகாம். அங்கிருந்து மகளோடும் மச்சாளோடும் திரும்பி வந்தவள் பழைய அன்ரோனெற் இல்லை. கையிலிருந்து சட்டி நழுவி விழுந்தாலும் நிலத்தில் குப்புறப் படுத்துவிடுவாள். கோயில் திருநாளில் வெடி கொளுத்தியபோது மகளை வாங்குப் பலகைக்குக் கீழே தள்ளி, மேலே தானும் கவிழ்ந்து கிடந்தாள். சனம் சிரித்தது. எல்லோரும் சிரிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஏன் இந்த வேலைக்குப் போனாள் என்று கேட்டால், "வேறை வேலை ஆர் தந்தவை?" என்று திருப்பிக் கேட்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய கை நடுங்கியது. மண் சுரண்டும் சிறிய தகட்டின் நுனி, காற்றில் ஆடும் இலைபோல ஆடியது. மேற்பார்வையாளர் பஸ்ரியன் அதைக் கண்டு, அவளை ஒழுங்கைக்கு வெளியே கூப்பிட்டார். மன்னார் டவுண்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"தங்கச்சி, இண்டைக்கு வீட்டை போங்கோ. இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. ஆனா இந்தக் கையோடை உங்களை உள்ளுக்கு விடமாட்டன்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். வீட்டுக்கு வந்து, அழவும் வராமல், றஞ்சிதம் வாங்கி வைத்திருந்த சூடைமீனை இழுத்து வைத்துக்கொண்டு இருந்தாள். சின்ன மீன், செதிலும் நொய்மை, குடலும் நொய்மை. அவசரப்பட்டால் சதையும் சேர்ந்து வந்துவிடும். ஒன்றை எடுத்தாள், சீவினாள், தலையைக் கிள்ளினாள், அலசினாள். அடுத்தது. சட்டியில் பாதி நிறைந்த பிறகுதான் கவனித்தாள்: கை நடுங்கவில்லை. ரோட்டில் போன உழவு இயந்திரத்தின் சத்தத்துக்கு அவள் தலையே நிமிரவில்லை. மாதக்கணக்காக, நித்திரையிலும் எதற்கோ விழித்திருந்த காது அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கிறது.

அடுத்த நாள் பஸ்ரியன் அந்தக் கையைப் பார்த்து உள்ளுக்கு விட்டார். அதன் பிறகுதான் இந்தப் பழக்கங்கள். தேத்தண்ணீர் என்றால் தேத்தண்ணீர் மட்டும். முற்றம் கூட்டினால் ஈர்க்கு மண்ணில் கீறும் கோட்டை மட்டும் பார்ப்பாள். மகளின் தலையை வாரும்போது மயிர் சிக்கெடுப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலை இல்லை என்பதுபோல இருப்பாள். ஜெபம் சொல்லும்போதுகூடச் சில வேளை மனம் அலைந்துவிடும், மீன் கழுவும்போது அலைவதில்லை என்று சுவாமியாரிடம் சொல்லிவிட்டு, அது பாவமோ என்றும் கேட்டிருக்கிறாள்.

பயம் போய்விட்டதா? "எங்கை போறது! பயம் இருக்குது. நான் மீன் கழுவேக்கை அது வெளியிலை நிக்கும். அவ்வளவுதான்." அந்தச் சிறிய அமைதியைக் கொஞ்சமாவது மிதிவெடி நிலத்துக்குக் கொண்டுபோக முடிந்தால், அன்றைக்குக் கை அவளுடைய சொல் கேட்கும். முடியாத நாளில் தானாகவே பஸ்ரியனிடம் போய், "அண்ணை, இண்டைக்கு என்னாலை ஏலாது" என்று சொல்லிவிடுவாள்.

போன ஆவணி மாதம் ஒரு முற்பகல். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஓய்வு நேரம் முடிந்து அங்கியை மாட்டிக்கொண்டிருந்த அன்ரோனெற்தான் அதை முதலில் கண்டாள். துப்புரவாக்கிய நிலத்தின் எல்லைக்கு நட்ட சிவப்புத் தடிகளுக்கு அப்பால், இன்னும் ஒருவரும் கால் வைக்காத நிலத்தின் நடுவில், ஒரு கறுப்புக் குடை நகர்ந்துகொண்டிருந்தது.

குடைக்குக் கீழே வயதான ஒரு முஸ்லிம் பெண். பெயர் உம்மு குல்சூம் என்பது பிறகுதான் தெரிந்தது. தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு போன குடும்பம். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, அதற்கு முந்தின கிழமைதான் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தார்கள். மருமகன் ஜவாஹிர் ரோட்டில் ஆரோடோ கதைத்துக்கொண்டு நிற்க, உம்மு குல்சூம் மாட்டுத்தடம் ஒன்றைப் பிடித்துத் தன் பழைய வளவைத் தேடி வந்துவிட்டார். அந்தப் பக்கத்து எச்சரிக்கை நாடாவை மாடுகள் மிதித்து விழுத்தியிருந்தன.

பஸ்ரியன் விசில் அடித்தார். எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். உம்மு குல்சூமும் நின்று சுற்றிப் பார்த்தார். மண்டையோடு கீறிய பலகை ஒன்று, அவருக்கு முதுகைக் காட்டியபடி, சற்றுத் தூரத்தில் நின்றது. தான் பலகைக்கு உட்பக்கம் நிற்பது அவருக்கு விளங்கிவிட்டது. குடை ஆடியது. வந்த வழியே திரும்பி ஓடுவதற்கு உடம்பைத் திருப்பினார்.

"உம்மா! நில்லுங்கோ! காலை எடுக்காதேங்கோ!"

அது தன் குரல்தான் என்று அன்ரோனெற்றுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"யா அல்லாஹ்... நான் எங்க நிக்கிறன் மகள்?"

"நீங்கள் நிக்கிற இடம் நல்ல இடம். அந்த இடத்திலை மட்டும் நில்லுங்கோ. நாங்கள் வாறம்."

மருமகன் ஓடி வந்து கத்தத் தொடங்க, இரண்டு பேர் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அன்ரோனெற்றின் ஒழுங்கைதான் அந்தப் பெண்ணுக்குக் கிட்ட இருந்தது. கிட்ட என்றாலும் ஒரு வீட்டு வளவின் நீளம். அத்தனையையும் சாண் சாணாகத் துடைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பஸ்ரியன் அவளுடைய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்கள் போறீங்களோ, நான் போகட்டோ? ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ."

மகளின் முகம் வந்தது. ஏலாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு வாயில் வைத்து, அது உள்ளே இறங்குவதை மட்டும் கவனித்தாள். இன்னொரு மிடறு.

"நான் போறன் அண்ணை."

முழங்காலில் இறங்கினாள். கருவியைப் பிடித்தாள். சத்தமில்லை. ஒரு சாண் முன்னேறினாள். அந்த ஒழுங்கையில் ஒருவருக்குத்தான் இடம்; பஸ்ரியன் பின்னால், தூரத்தில் நின்றார்.

"மகள், எனக்குக் கால் நடுங்குது. விழுந்திருவன்."

அன்ரோனெற்றின் கை நின்றது. அவரைத் தேற்றிக்கொண்டே இருந்தால் நிலத்தில் கவனம் இருக்காது. பேசாமல் இருந்தால் அவர் விழுந்துவிடுவார்.

"உம்மா, என்னாலை கதைக்க ஏலாது. நீங்கள் கதையுங்கோ. நான் கேட்டுக்கொண்டு வாறன்."

"நான் என்னத்தக் கதைக்கிறது?"

"இண்டைக்கு விடிய எழும்பினதிலையிருந்து என்ன செய்தனீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

உம்மு குல்சூம் குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அழுகையும் சொல்லும் கலந்து வந்தது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினார். வாளியில் தண்ணீர் குறைவு. முகம் கைகால் கழுவி ஒழு எடுத்தார். தொழுதார். அடுப்பு மூட்ட விறகு ஈரம்.

"ஈர விறகை என்ன செய்தனீங்கள்?" என்று நிமிராமலே கேட்டாள் அன்ரோனெற்.

"தென்னம் பன்னாடை வச்சு ஊதினன். கண்ணெல்லாம் புகை."

காற்று ஒரு முறை உரத்து வந்து குடையைப் பிடித்து இழுத்தது. உம்மு குல்சூம் குடையோடு சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "குடையை மடக்குங்கோ உம்மா. மெல்ல. இடுப்போடை வச்சுப் பிடியுங்கோ." அவர் மடக்கினார். இனி வெயில் நேரே அவருடைய தலையில்.

"ம். அடுப்பு எரிஞ்சுது. பிறகு?"

"ரொட்டிக்குத் தேங்கா துருவினன்..."

மாவு, உப்பு, கைச்சூட்டுத் தண்ணீர். சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டு வந்தது. மாவைப் பிசையும் இடத்தில், பிசைகிறவர்களுக்கே உரிய நிதானம் அதில் வந்துவிட்டது. அன்ரோனெற்றின் கை அந்தக் குரலின் வேகத்தில் மண்ணுக்கு மேலே நகர்ந்தது.

அப்போது கருவி கத்தியது.

ஆணியாக இருக்கலாம். மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டினாள். மேலும் சுரண்டினாள். வளைந்த, கறுத்த ஒரு விளிம்பு. ஆணி அல்ல. அவர் வந்த மாட்டுத்தடம் அந்த இடத்தில் ஒழுங்கைக்குக் குறுக்கே வளைந்தது. உம்மு குல்சூம் திரும்பி ஓட நினைத்த பாதையில், அவருடைய சில எட்டுக்குள், அது இருந்தது.

முகக் கண்ணாடிக்குள் அவளுடைய மூச்சு புகாராகப் படிந்தது. கண் தெரியவில்லை. இந்த இடத்தை விட்டு எழும்பி ஓடு, ஓடு என்று கால்கள் கெஞ்சின. அவளும் அந்தப் பெண்ணும் அந்தக் கறுத்த விளிம்பும் மட்டுமே உலகத்தில் மிச்சம்.

"என்ன மகள், ஏன் நிக்கிறீங்க? அங்க என்ன?"

"ஒண்டுமில்லை உம்மா. நீங்கள் ரொட்டியை நிப்பாட்டாதேங்கோ."

"...தட்டினன். ஓட்டில போட்டன். ஒரு பக்கம் வெந்திச்சு. திருப்பினன்."

ரொட்டி வேகும் மணத்தை அன்ரோனெற் நினைத்துக்கொண்டாள். ஒரு பக்கம். மறுபக்கம். கண்ணாடியின் புகார் மெல்லக் கலைந்தது. கையைப் பார்த்தாள், அது சொல் கேட்டது. அடையாளத் தடியை நட்டாள். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பஸ்ரியனுக்குக் காட்டினாள். அவரும் கை காட்டினார். பின்வாங்கி, அதைச் சுற்றிப் புதிதாக ஒழுங்கை வெட்டத் தொடங்கினாள்.

உம்மு குல்சூம் சம்பல் அரைத்தார். மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தார். சட்டி கழுவினார். சொல்ல இனி ஒன்றும் இல்லாமற் போனபோது நேற்றைய விடியலை எடுத்துக்கொண்டார். வெயில் உச்சியைத் தாண்டியபோது, அன்ரோனெற்றின் கருவி, பித்தவெடிப்பில் புழுதி ஏறிய இரண்டு பாதங்களுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு காலில் செருப்பு இல்லை; அது வார் அறுந்து எங்கேயோ கிடந்தது.

அவருடைய இடுப்பைப் பிடித்து, தன் அடிக்குப் பின்னால் அடி வைக்கச் சொல்லி, ஒழுங்கை வழியே வெளியே கூட்டி வந்தாள். மருமகன் ஜவாஹிர் மாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். அன்ரோனெற் வாகனத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்ததும் பல்லோடு பல் அடித்தது. பஸ்ரியன் தண்ணீரை நீட்டினார்.

ஓய்வுக் கூடாரத்துக்கு அவள் வந்தபோது உம்மு குல்சூமைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்ற முடியாமல் தூக்கி வைத்திருந்தார். அடிப்பாதம் முழுவதும் நெருஞ்சி முள். அத்தனை நேரமும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அன்ரோனெற் மறுபடி முழங்காலில் இருந்தாள். அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். விரல்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் முள் இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை வந்தது.

"நோகுதோ?"

"இல்ல மகள்."

அடுத்த முள்ளை எடுத்தாள். பிறகு அடுத்தது. எடுத்த முட்களை நிலத்தில் போடாமல், ஒவ்வொன்றாகத் தன் இடது உள்ளங்கையில் சேர்த்து மூடிக்கொண்டாள்.