வரைபடத்தில் ஆன்சியின் வீடு

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம். வெளியே நல்ல மழை.

எட்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் லேபுக்கு வரும் நேரம் அது. எனக்கு லேசாகத் தூக்கம் வரும் நேரமும் அதுதான்... ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகள் ஷூவை வாசலில் விட்டுவிட்டு, சாக்ஸ் காலோடு சத்தமில்லாமல் உள்ளே வருவார்கள். ஏசிக்காக ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும். பதினெட்டுத் திரைகளின் நீல வெளிச்சம், முப்பத்தாறு முகங்களில். மழை கண்ணாடியில் வழியும், ஆனால் சத்தம் கேட்காது. பெரிய மீன்தொட்டி ஒன்றைக் காவல் காக்கிற மாதிரி இருக்கும். நானும் தொட்டிக்குள்தான் இருக்கிறேன் என்பது மணியடித்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

அன்றைய பாடம் ஸ்ப்ரெட்ஷீட்டில் கூட்டல். நான் வழக்கம்போல வரிசைகளுக்குப் பின்னால் நடந்தேன். லேப் டீச்சருக்குப் பிள்ளைகளின் முகத்தைவிட முதுகுதான் அதிகப் பழக்கம். கேம் ஆடுகிற முதுகு தனி, வேலை செய்கிற முதுகு தனி. கடைசி வரிசையில் ஒரு முதுகு இரண்டிலும் சேரவில்லை. அசையவே இல்லை.

ஆன்சி. விழிஞ்ஞத்துப் பக்கம் கடற்கரைப் பெண். அப்பா மீன் பிடிக்கப் போகிறவர். அவள் திரையில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. வானத்திலிருந்து எடுத்த வரைபடம் — மணல், நாலைந்து தென்னை, ஓரமாகச் சின்னதாய் ஒரு சதுரக் கூரை.

"எந்தா ஆன்சி, இதுதான் கூட்டலா?"

"ஒரே ஒரு நிமிஷம் டீச்சர்..."

(அவள் பேசியது மலையாளம். என் மண்டைக்குள் எல்லாமே தமிழாகித்தான் விழும்.)

"நீ ஒரு நிமிஷம் பார்த்தா மிச்சம் முப்பத்தஞ்சு பேரும் பார்ப்பாங்க." மவுஸை வாங்கி நானே மூடினேன். "அடுத்த வாரம் வேலையை முடிச்சிட்டுப் பாரு. வீடு எங்க ஓடிப்போகும்?"

அவள் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தாள்.

மணியடித்ததும் அவளோடு உட்காரும் தேவிகா மட்டும் தயங்கி நின்றாள். கரமனை அக்ரஹாரத்துப் பெண், என்னிடம் தமிழில்தான் பேசுவாள். "டீச்சர், அது ஆன்சியோட பழைய வீடு. ரெண்டு வருஷம் முன்னாடி கடல் எடுத்துண்டு போயிடுத்து. அந்தப் படத்துல மட்டும் இன்னும் இருக்கு. எல்லா வெள்ளிக்கிழமையும் பார்ப்பா."

எல்லா வெள்ளிக்கிழமையும்! முதுகைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடிப்பவள் என்று இவ்வளவு நேரம் பெருமையடித்தேனே, அதே நான்தான்.

அடுத்த வாரம் ஆன்சி முதல் ஆளாக வந்தாள். கூட்டலை ஐந்தே நிமிடத்தில் முடித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். வரைபடத்தைத் திறந்தாள்.

இடையில் யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, புதுப் படத்தை ஏற்றியிருந்தார்கள். கருங்கல் குவியல், அதற்கு அப்பால் கடல். வீடு இருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளை நுரை.

"வீடு இல்ல டீச்சர்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வேற போட்டோ ஏதாவது இருக்கா மோளே?"

"ஆளுங்க போட்டோ இருக்கு. பின்னாடி சுவர் தெரியும். வீடு தெரியாது."

யோசித்துப் பாருங்கள். பிறந்தநாளைப் படமெடுக்கிறோம். பிரியாணியைப் படமெடுக்கிறோம். குடியிருக்கும் வீட்டை, நாலடி தள்ளி நின்று, முழுசாக ஒரு படம் எடுத்திருக்கிறோமா? என் போனிலும் தேடினேன். இல்லை.

ஸாரி சொல்வதற்கு டீச்சர்களுக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. அதனால் சாப்பாட்டு இடைவேளையில் லேபைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய வானப் படங்களை வருஷவாரியாகக் காட்டும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பள்ளி இன்டர்நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மூன்றாம் நாள்தான் இறங்கி முடிந்தது. திரையில் ஒரு கோடு. அதை இடது பக்கம் இழுத்தால் வருஷங்கள் பின்னால் போகும்.

வெள்ளிக்கிழமை ஆன்சியை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். இழுத்தாள். கடல் பின்வாங்கியது. மணல் வந்தது. தென்னைகள் வந்தன. அப்புறம் வீடு.

திரும்பிப் பார்க்கிறேன் — வகுப்பு மொத்தமும் சாக்ஸ் காலோடு எங்கள் பின்னால் நிற்கிறது. ஒருவரும் மூச்சு விடவில்லை. கூட்டலாவது, கழித்தலாவது!

மறுநாள் பெற்றோர் கூட்டம். அது முடிந்ததும் ஆன்சி தன் அப்பாவைக் கையைப் பிடித்து லேபுக்கு இழுத்து வந்தாள். நாற்காலி போட்டேன். உட்கார மாட்டேன் என்றார். ஈரக் கை எதிலாவது பட்டுவிடுமோ என்பது போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆன்சி கோட்டை இழுத்தாள். வீடு வந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்டியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். அப்புறம் குனிந்தார். திரையைத் தொடாமல், வீட்டுக்கு முன்னால் மணலில் கிடந்த மெல்லிய கீற்று ஒன்றை விரலால் காட்டினார்.

"இது நம்ம வள்ளமாக்கும், டீச்சரே."

உற்றுப் பார்த்தேன். ஆமாம், படகுதான்.

"வள்ளம் கரையில கிடக்கு. அப்போ அன்னைக்கு நான் கடலுக்குப் போகல." அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. "உள்ள படுத்து உறங்கறேன்."

"நானோ அப்பா?"

அவர் தென்னைகளின் நிழலைப் பார்த்தார். எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டார். "வெயில் இப்பதான் ஏறுது. நீயும் எழுந்திருக்கல."

அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும், உள்ளே தூங்குகிறவர்களை எழுப்பிவிடாத மாதிரி, கொஞ்சம் மெதுவாகவே பேசினோம்.