கொக்குகள் தோற்ற வருடம்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட்டுக்கும் ஹனோவருக்கும் நடுவே, மெதுரயில் மட்டும் நின்று போகிற சிறுநகரம் எங்கள் எல்மன்வேர்ட். வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் இரண்டு காரணங்களுக்காகத்தான் இருக்கும். ஒன்று, இங்கே செய்த சமையலறை அலுமாரிகள். மற்றது எங்கள் கூடைப்பந்து அணி. அணிக்குக் கொக்குகள் என்று பெயர். போன வருடத்தோடு அலுமாரியும் இல்லை, அணியும் இல்லை.

அந்தக் கடைசிப் பருவத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் தெருவில் இருக்கும் கலா அக்காவின் கதை.

கலாதேவி என்பது முழுப்பெயர். பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. கணவர் புவனேந்திரன் அண்ணை அலுமாரித் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்தவர். கலா அக்காவை ஊரில் பலர் முகத்தால் அறிவார்கள், பெயரால் அறிய மாட்டார்கள். சனிக்கிழமை மாலைகளில், மைதானத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் நீண்ட மேசையில், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருக்கும் நால்வரில் ஒருவர் அவர். அவருக்கு முன்னால் ஒரு சிறிய பெட்டி, அதில் இரண்டு பொத்தான்கள்.

கூடைப்பந்தில் ஓர் அணியின் கையில் பந்து வந்தால் இருபத்துநான்கு விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து இரும்பு வளையத்தில் பட வேண்டும். பட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். படாவிட்டால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் ஹோர்ண் அலறும், பந்து மற்ற அணிக்குப் போகும். பட்டதா இல்லையா என்று பார்த்து அந்தப் பொத்தானை அமத்துவதுதான் கலா அக்காவின் வேலை. ஆட்டம் முழுக்க அவருடைய கண் வளையத்தில்தான் இருக்கும்.

அவர் அந்த மேசைக்கு வந்தது மகனால். நிஷாந்தனை ஒன்பது வயதில் கழகத்தில் சேர்த்தார்கள். பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோரும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஒருவர் கேக் செய்வார், ஒருவர் பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போவார், ஒருவர் மேசையில் இருப்பார். கலா அக்காவிடம் அப்போது கார் ஓட்டும் உரிமம் இல்லை. கேக் சுடவும் வராது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு வலைப்பந்து ஆடியவர், கூடையில் போடுகிற இடத்தில் நின்றவர். பந்து கையை விட்டுப் போகும்போதே அது எங்கே போகப்போகிறது என்று அவருக்கு ஓரளவு தெரியும். பீலெஃபெல்ட்டில் நடந்த வகுப்புக்கு இரண்டு வார இறுதிகள் போய், அகராதியோடு உட்கார்ந்து படித்து, பரீட்சையில் தேறினார்.

பதினான்கு வயதில் நிஷாந்தனுக்குக் கணினிப் பைத்தியம் பிடித்தது. பந்தை விட்டுவிட்டான். இப்போது டார்ம்ஸ்டாட்டில் பொறியாளர். அம்மா மேசையை விடவில்லை.

நிஷாந்தனோடு ஆடிய பிள்ளைகளில் மார்ட்டன் என்றொருவன் இருந்தான். மெலிந்து உயர்ந்த, முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த பையன். பயிற்சி முடிந்து நேரே கலா அக்கா வீட்டுக்கு வந்து, மீன் வைத்துப் பொரித்த ரோல்ஸ் தின்றுவிட்டுப் போவான். உறைப்பு தாங்காமல் கண்ணீர் வழியும், கை மட்டும் அடுத்ததை எடுக்கும். நிஷாந்தன் விலகிய பிறகும் அவன் வருவதை நிறுத்தவில்லை. அந்த மார்ட்டன்தான் பிற்காலத்தில் கொக்குகளின் கப்டன்.

நல்ல காலம் ஒன்று இருந்தது. கொக்குகள் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். பிறகு, யாரும் நம்பாத விதமாக, ஒரே ஒரு வருடம் முதற்பிரிவிலும் ஆடினார்கள். எங்கள் பழைய மண்டபத்துக்குப் பெரிய பெரிய ஊர்களின் அணிகள் வந்தன. கூரை ஒழுகினால் வாளி வைத்துவிட்டு ஆடிய மண்டபம் அது. பொரித்த சோசேஜும் பியரும் ரப்பர்ச் சப்பாத்தும் சேர்ந்த ஒரு மணம் அங்கே எப்போதும் இருந்தது. மேசையில் இருப்பவர்கள் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, கை தட்டக்கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. கலா அக்காவுக்குப் பக்கத்தில் புள்ளி எழுதும் ஹைக்கே, தபால் கந்தோர்க்காரி. கொக்குகள் நல்ல பந்து போட்டால் ஹைக்கேயின் முகம் கல் மாதிரி இருக்கும், மேசைக்குக் கீழே அவளுடைய கால் கலா அக்காவின் காலை மிதிக்கும். முதற்பிரிவுக்கு ஏறிய வருடம் தன் பெருவிரல் நகம் கறுத்தே போனது என்று கலா அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பணம் கொடுத்து அணியைத் தாங்கிய அலுமாரிக் கம்பனி ஒரு வசந்தத்தில் மூடப்பட்டது. கழகத்தின் தலைவர் கூட்டம் வைத்துச் சொன்னார்: வரும் பருவத்தில் இரண்டாம் பிரிவில் நின்றுபிடித்தால் நகரசபை வேறு கம்பனியைத் தேடித் தரும், கீழே இறங்கினால் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அணி என்று இனி ஒன்று இராது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்கள். பல வருடம் இருந்த பயிற்சியாளரும் தெற்கே போனார். முழங்கால் இரண்டும் தேய்ந்த மார்ட்டன் மட்டும் இருந்தான், அவனோடு இளைஞர் அணியிலிருந்து எடுத்த பையன்கள்.

தோற்றார்கள். முதலில் சின்ன வித்தியாசத்தில், பிறகு பெரிய வித்தியாசத்தில். நத்தார்ப் பண்டிகை வருவதற்குள் இரண்டே வெற்றி. மண்டபத்தில் கதிரைகள் வெறுமையாயின. தோற்கிற வருடத்தில் மேசையிலிருந்து பார்க்கக் கொடுமையானது எது என்று நான் ஒருமுறை கலா அக்காவைக் கேட்டேன். எதிரணிப் பயிற்சியாளர்கள் அன்பாகப் பேசுவது என்றார். வென்றுகொண்டிருந்த காலத்தில் மேசையோடு கத்திச் சண்டை பிடித்தவர்கள், இப்போது வந்து தோளைத் தட்டி, உங்கள் பையன்கள் நன்றாக முயன்றார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே ஒரு புதினம் நடந்தது. தொழிற்சாலை மூடியதால் முன்னதாகவே ஓய்வுக்குப் போன புவனேந்திரன் அண்ணை, வீட்டில் இருக்க ஏலாமல் மட்ச் பார்க்க வரத் தொடங்கினார். இருபது வருடத்துக்கு மேலாக 'உம்மடை பந்து' என்று சொல்லி ஒருநாளும் எட்டிப் பாராத மனிதர். மேல்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். முதல் இரண்டு மட்சில் உதைபந்தாட்டம் போல ஏன் ஒருவரும் கோல் காப்பதில்லை என்று கேட்டார். மாசி மாதம் வருவதற்குள், எந்தப் பையனை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று புதுப் பயிற்சியாளருக்கு மேலேயிருந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் அந்த மட்ச் வந்தது. பட்டியலில் எங்களுக்கு ஒருபடி மேலே நின்ற அணியோடு. வென்றால் மிச்சமுள்ள ஆட்டங்களில் பிழைத்துக்கொள்ள வழி இருந்தது. மண்டபம் பழையபடி நிறைந்தது.

கடைசி நிமிடத்தில் கொக்குகள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்கள் கையில். எறிவதற்கான நேரம் முடிகிற தறுவாயில் மார்ட்டன் தூரத்திலிருந்து எழும்பி எறிந்தான். பந்து பலகையில் 'டொம்' என்று அடித்துத் திரும்பி, கீழே நின்ற ஒரு பையனின் கையில் விழுந்தது. ஹோர்ண் அலறியது. அதற்குப் பிறகு அந்தப் பையன் பந்தைக் கூடைக்குள் போட்டான். மண்டபம் எழும்பி நின்று குதித்தது.

பந்து வளையத்தில் பட்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும், ஹோர்ணுக்கு வேலையே இல்லை, புள்ளி எங்களுக்கு. பலகையில் மட்டும் பட்டிருந்தால் புள்ளி செல்லாது. நடுவர்கள் இருவரும் கூடிக் கதைத்தார்கள். பிறகு ஒருவர் மேசைக்கு வந்து, வளையத்தில் பட்டதா என்று கலா அக்காவைக் கேட்டார்.

படவில்லை என்றார் கலா அக்கா.

நடுவர் கையை விசிறிப் புள்ளியை அழித்தார். மிச்சமிருந்த மூன்று விநாடியும் ஓடி முடிந்தன. ஒரு புள்ளியால் தோற்றோம். மண்டபம் முழுக்க மேசையைப் பார்த்து விசிலடித்தது. என் பக்கத்தில் இருந்த புவனேந்திரன் அண்ணை இரண்டு விரலை வாய்க்குள் வைத்து அடித்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. மேசையில் என்ன பேசினார்கள் என்று மேலேயிருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. நடுவர்தான் ஏதோ பிழை செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அண்ணை விசிலடித்தார்.

வீட்டுக்கு நாங்கள் மூவரும் நடந்துதான் போனோம். ஆற்றுப் பாலம் வரைக்கும் அண்ணை நடுவரை ஏசிக்கொண்டே வந்தார். பந்து பட்ட சத்தம் கடைசி வரிசைக்கே கேட்டதாம். கலா அக்கா கேட்டுக்கொண்டு வந்தார். பாலத்தின் நடுவில் நின்று சொன்னார்:

"அது பலகைச் சத்தமப்பா. வளையத்திலை படேல்லை எண்டு நான்தான் சொன்னனான்."

அண்ணை நின்றுவிட்டார்.

"நீரே சொன்னீர்?"

"ஓம்."

"அப்ப நான் விசிலடிச்சது…"

"எனக்குத்தான். உங்கடை விசில் எனக்குத் தெரியாதே?"

அண்ணை சிரிக்கவும் முடியாமல் மன்னிப்புக் கேட்கவும் முடியாமல் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, ஒருக்கால் பட்டிருக்கலாம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சிருக்கும் என்று கேட்டார். கலா அக்கா நடக்கத் தொடங்கினார். வீட்டு வாசலில் நான் பிரியும்போது பார்த்தேன், அழுதிருந்தார்.

அடுத்த சில நாள் வேலைக்குப் போகும் வழியில், காலையில் சனம் கூடும் வெதுப்பகத்துக்குள் போகாமல் வேறு தெருவால் சுற்றிப் போனார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே விஷயம் தெரியுமா தெரியாதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. வேலையில் செயற்கைப் பல்லைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பந்து வந்து பலகையில் அடித்துக்கொண்டே இருந்தது என்றார்.

வியாழக்கிழமை மார்ட்டன் வீட்டுக்கு வந்தான். சிறு வயதில் வந்தது போலவே, தகவல் சொல்லாமல். கலா அக்காவை அவன் எப்போதும் மரியாதையாக ஃபிராவ் கலா, அதாவது திருமதி கலா, என்பான். குசினி மேசையில் இருந்து கோப்பி குடித்தபடி, ஜெர்மன் மொழியில் சொன்னான்:

"கையை விட்டுப் போகும்போதே எனக்குத் தெரியும், ஃபிராவ் கலா. வளையத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. நடுவர் என்னைக் கேட்டிருந்தால் பட்டது என்று பொய் சொல்லியிருப்பேன்."

"அதனால்தான் உன்னைக் கேட்பதில்லை," என்றார் கலா அக்கா.

அவன் சிரித்தான். பிறகு தலையைக் கவிழ்த்து, அது தன்னுடைய எறி, இருபது வருடமாக எறிந்த எறி, அன்றைக்கு முழங்கால் எழும்பவில்லை என்றான். புவனேந்திரன் அண்ணை எழும்பிப் போய்க் குளிர்பெட்டியில் உறையவைத்திருந்த ரோல்ஸை எடுத்துவந்து தாச்சியில் எண்ணெயைக் காயவைத்தார். அவர் ஏன் அவ்வளவு கவனமாகப் பொரித்தார் என்று மார்ட்டனுக்குத் தெரியாது.

கொக்குகள் இறங்கினார்கள். அது சித்திரையிலேயே முடிவாகிவிட்டது. கடைசி வீட்டு மட்சுக்கு ஒரு பயனும் இல்லை, ஆனால் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பழைய ஆட்டக்காரர்கள் வயிறு வைத்து, தலை நரைத்து, பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். தெற்கே போன பயிற்சியாளரும் கதவோரம் நின்றார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். மார்ட்டனைக் கடைசியாக வெளியே எடுத்தபோது எதிரணிப் பையன்கள்கூட நின்று கை தட்டினார்கள். அவன் தன் அணியினர் இருக்கும் வாங்குக்குப் போகும் வழியில் மேசையைக் கடந்தான். நிற்கவில்லை. விரல் மூட்டால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். ஹைக்கே பேனையை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். கலா அக்காவின் கண் வளையத்தில் இருந்தது. ஆட்டம் இன்னும் முடியவில்லையே என்றார் பிறகு.

முடிந்த பிறகும் சனம் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் நின்று கதைத்தார்கள், பிள்ளைகள் கூடைக்கு எறிந்து விளையாடினார்கள். காவலாளி விளக்கை ஒவ்வொரு வரிசையாக அணைத்துத்தான் எங்களை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது கழகத்தில் சிறுவர் அணிகள் மட்டும் இருக்கின்றன. மண்டபத்தை நகரசபை பூட்டிவிட்டது. அந்த இடத்தில் வீடுகள் வருமாம். மார்ட்டன் பீலெஃபெல்ட்டில் உடற்பயிற்சி ஆசிரியராவதற்குப் படிக்கிறான். ஹனோவர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கழகம் கலா அக்காவை மேசைக்குக் கேட்டது. இரண்டு மட்சுக்குப் போய்வந்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அங்கை ஆர் வெண்டாலும் எனக்கு ஒண்டுமில்லை," என்றார். "வேலை சுகம்தான். ஆனா மனதை அடக்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை எண்டால், அதிலை என்ன இருக்கு?"

புவனேந்திரன் அண்ணைதான் தாங்கமாட்டாமல் தவித்தார். ஒரே ஒரு பருவம், அதுவும் தோற்ற பருவம் பார்த்தவருக்கு, சனிக்கிழமைகளில் இருப்புக் கொள்ளவில்லை. முதற்பிரிவில் ஆடிய வருடத்தின் வீடியோக்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஏன் எனக்கு அப்ப சொல்லேல்லை என்று மனைவியோடு கோபித்தார். கடைசியில் அவரே டிக்கட் வாங்கினார். இந்தத் தைமாதம் ஹனோவருக்கு நானும் கூடப் போனேன். பார்வையாளராகக் கதிரையில் இருந்து கலா அக்கா பார்த்த முதல் மட்ச் அதுதான்.

இடைவேளையில் அண்ணை பியர் வாங்கப் போனார். கலா அக்கா வெறுமையாகக் கிடந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரை வடிவாய்க் கிடக்கு, என்ன?" என்றார். "எங்கடை தரையிலை இடக்கைப் பக்க மூலையிலை பந்து எழும்பாது. தரைப்பலகை உக்கிப்போச்சு. மார்ட்டன் சின்னனிலையிருந்து அந்த மூலையாலை போகவே மாட்டான். வெளியூரிலையிருந்து வாற ரீம்காரருக்கு அது தெரியாது. வந்து பந்தைத் தட்டுவினம், அது அப்பிடியே படுத்திடும்."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணை இரண்டு கையிலும் பியரோடு படியேறி வந்து, என்ன பகிடி என்று கேட்டார். கலா அக்கா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது.