சனிபகவான் குடியிருந்த வெல்டிங் மிஷின்

போலகம் பஞ்சநாதனுக்குத் தொழில் வெல்டிங், பொழுதுபோக்கு புளுகு. இரண்டையும் பிசிறில்லாமல் செய்வார். கரண்ட் இல்லாத இடமெல்லாம் அவர் ராஜ்ஜியம்தான். பெட்ரோல் இன்ஜினில் ஓடுகிற வெல்டிங் மிஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வயல்காடோ படகுத்துறையோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்பார். சொத்து என்று சொல்ல அந்த மிஷினை விட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

மனுஷனுக்கு ஒரே தலைவலி, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம். "பெட்ரோல் ஊத்தப்போறேன், தள்ளி நில்லுங்கப்பா" என்றால், வாயில் பீடியோடு ஒருத்தன் "எத்தனை லிட்டர் புடிக்கும்ணே?" என்று டேங்குக்குள் எட்டிப் பார்ப்பான். மழை தூறினால், "ஐயோ பாவம், மிஷின் நனையுதே" என்று இன்னொருத்தன் ஓடுகிற இன்ஜினைத் தூக்கிப் படகின் ஐஸ் ரூமுக்குள் இறக்கப் பார்ப்பான். மூடின இடத்தில் அந்தப் புகை சத்தமில்லாமல் ஆளையே கொன்றுவிடும் என்று தொண்டை கிழியச் சொல்லுவார். "நாங்க பாக்காத புகையா?" என்று சிரிப்பார்கள். பஞ்சநாதனும் பீடி குடிக்கிறவர்தான். ஆனால் ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் போய்க் குடிப்பார்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார். "இது சனிக்கிழமை வாங்குன மிஷின். மொதநாளே திருநள்ளாறு கொண்டுபோயிப் பூசை போட்டேன். பகவான் பார்வை இதுமேலயே தங்கிடுச்சு. பத்தடிக்குள்ள வந்தா ஏழரைதான். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாதீங்க!"

அவ்வளவுதான், கூட்டம் சிட்டாகப் பறந்தது! பெட்ரோலுக்குப் பயப்படாத பயல்களெல்லாம் ஏழரைக்குப் பயந்தார்கள். பேச்சு போலகத்திலிருந்து பட்டினத்துப் படகுத்துறை வரைக்கும் பரவிவிட்டது. அதன்பிறகு பஞ்சநாதன் இன்ஜினை அணைத்து, சூடு ஆறுகிறவரை நிதானமாக டீ குடித்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றினார். எட்டிப் பார்க்க ஒரு ஈ காக்கா இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். மறுநாள் விடிந்தால் பட்டினத்துப் படகெல்லாம் கடலுக்குள் போகவேண்டும். கோவிந்தராசு படகிலே வலை இழுக்கிற வின்ச்சின் அடித்தாங்கி விரிசல் விட்டிருந்தது. அதை ஒட்டினால்தான் படகு கிளம்பும். பாதி வேலையில் பெட்ரோல் தீர்ந்தது. படகு கட்டியிருந்த ஆற்றங்கரை மணலில் இருந்த மிஷினை ஆறவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் கேனையும் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் புனல் எடுக்க ஆட்டோவுக்குப் போனார். அதுதான் அவர் செய்த மடத்தனம். புனலோடு திரும்பினால், அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது.

கோவிந்தராசுவின் சம்சாரம் மாரியம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சனிக்கிழமை வேறு! கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, அகல் விளக்கில் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! கொளுத்தாதீங்க!"

"இருங்க தம்பி. எம்மவன் ஆனந்தராஜு நாளைக்கு இந்தப் போட்டுலதான் போறான். பகவான் பார்வை பட்ட மிஷினு எங்க போட்டைத் தொட்டிருக்கு. ஒரு வெளக்கு வச்சாத்தான் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கும்."

"அக்கா, அது பெட்ரோலு! சனிபகவானும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் விட்ட புளுகு!"

மாரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அபச்சாரமாப் பேசாதீங்க தம்பி. உங்களுக்கும் சேத்தே ஏத்துறேன்." குச்சியை எடுத்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பிடுங்க நேரமில்லை. பஞ்சநாதன் "ஏய்ய்ய்!" என்று அலறினார். உடம்பு உதற, தலை சுழல, புனலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினார். "யாருக்குடி நெருப்பு காட்டுற? நானே கொதிச்சுப்போயி உக்காந்திருக்கேன்!"

சனிபகவான் பிடிப்பாரே தவிர, யார் மேலேயும் வந்து ஆடினதாக அந்த வட்டாரத்தில் கேள்வியே கிடையாது. அதையெல்லாம் யோசிக்கிற நேரமா அது? மாரியம்மாள் தீப்பெட்டியை உதறிவிட்டு மணலில் விழுந்து கும்பிட்டாள். "சாமி! உனக்கு என்ன வேணும், கேளு சாமி!"

கேட்டுவிட்டாளே! சாமி ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தது.

"மணல்! ஒரு வாளி மணல் பக்கத்துல வையி! எனக்குக் காத்து வேணும், மூடுன எடத்துல வைக்காத! வெளக்கு, பீடி, சிகரெட்டு எதுவும் என் கிட்ட வரக்கூடாது!"

சத்தம் கேட்டு ஓடிவந்த கோவிந்தராசு, காதில் செருகியிருந்த பீடியை ஆற்றில் வீசிவிட்டுக் கைகட்டி நின்றார். சாமி மலையேறியது. பஞ்சநாதன் பொத்தென்று உட்கார்ந்தார். ஆட்டம்தான் பொய். பயம் நிஜம். முதல் வேலையாகக் கேனையும் டேங்கையும் இறுக மூடினார். பாவி, ஒரு பொம்பளையைக் கொன்றிருப்பேனே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டார்.

எப்படியோ வேலை முடிந்து, படகு போய், ஆனந்தராஜு மீனோடு நல்லபடியாகத் திரும்பினான். அப்புறம் கேட்கவா வேண்டும்? பஞ்சநாதனின் ஆட்டோ எந்தத் துறைக்குப் போனாலும், மிஷினை இறக்குமுன் ஒரு வாளி மணல் வந்து நின்றது. சிலபேர் வாளிக்குக் குங்குமமும் வைத்தார்கள்.

அடுத்த மாதம் அதே கரை, அதே படகு. உச்சி வெயிலில் அலுத்துப்போன பஞ்சநாதன், டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ நினைப்பில் ஒரு பீடியை வாயில் வைத்தார். குச்சியை உரசப்போனார். கையில் பளாரென்று ஒரு அடி! தீப்பெட்டி மணலில் போய் விழுந்தது.

"என்ன தம்பி இது?" மாரியம்மாள் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். "பகவான் உங்க மேல வந்து சொன்னதை நீங்களே மறந்துட்டீங்களா?"

பஞ்சநாதன் திறந்திருந்த டேங்கைப் பார்த்தார். வாயிலிருந்த பீடியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மாரியம்மாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை அவர் நடிக்கவில்லை.