மூச்சை எண்ணிய மாணவி

பரீட்சை மண்டபத்திலிருந்து ஒரு மாணவியை வெளியேற்றுமுன் அவளுடைய விளக்கத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்பது விதி. வெள்ளைக்காரர் காலத்து விதிகளில் எனக்குப் பிடித்தது அது. நடைமுறையில்தான் அதைக் கண்டதில்லை.

ஒருகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கற்பித்தேன். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலையில் படிக்கும் முறையும், பதற்றம் தணியக் கண்ணை மூடி மூச்சை எண்ணும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். அதைத் தன் யோசனை என்று தலைமையாசிரியை பாடசாலை இன்ஸ்பெக்டரிடம் பெருமையடித்தார்.

அவர்களில் ஒருத்தி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ராசமணி. பரீட்சையில் சித்தியடைந்தால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். தவறினால் கல்யாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். கணித வினாத்தாளைக் கண்டதும் பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சை எண்ணினாள்.

"வாய் அசையுது. ஆருக்கடி விடை சொல்லுறாய்?" மேற்பார்வையாளர் தாளைப் பறித்தார்.

"இல்லை சேர், மூச்சு எண்ணுறன். ரீச்சர் பழக்கினவ. பெரிய ரீச்சருக்கும் தெரியும்."

தலைமையாசிரியையைக் கூப்பிட்டார்கள். நானும் ஓடினேன்.

"அப்பிடியொரு வகுப்பும் எங்கட பள்ளிக்கூடத்திலை இல்லை ஐயா," என்றார் தலைமையாசிரியை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"நான்தான் படிப்பிச்சனான்," என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்தில் ஒரு விளக்கமும் வாங்காமல் ராசமணியை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் தலைமையாசிரியையின் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. பொய் சொல்ல அவர் ஒரு மூச்சுக்கூடத் தயங்கவில்லை.

விதியைக் காட்டிப் பரீட்சைத் திணைக்களத்துக்கு முறையிட்டேன், நினைவூட்டல்களும் அனுப்பினேன். மாணவி குற்றமற்றவள், அடுத்த பரீட்சைக்குத் தோற்றலாம் என்று பதில் வந்தது. வந்தது, அந்த அடுத்த பரீட்சை முடிந்த மறுநாள்.