என் காதுக்குக் கேட்காத விசில்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு காலை, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்த்துருவல் தொழிற்சாலையில் நடந்தது இது. அங்கே தேங்காயின் பழுப்புத் தோலைப் பெண்கள் கத்தியால் சீவி எடுப்பார்கள். வெள்ளைப் பருப்பு துருவலாகி, சூடான காற்றில் உலரும். அந்தக் காற்றை ஊதும் புளோயர் மோட்டாருக்கு டிரைவ் மாட்டிக் கொடுத்தவன் நான்.

டிரைவ் என்பது ஒரு பெட்டி. வருகிற கரண்டை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நறுக்கி, மோட்டார் ஓட வேண்டிய வேகத்துக்குத் தக்கபடி அனுப்பும். மின்சாரம் மிச்சமாகும். ஆனால் அந்த நறுக்கல் மோட்டாரில் சன்னமான ஒரு விசிலாகக் கேட்கும். எத்தனை தடவை நறுக்க வேண்டும் என்பதைப் பட்டனில் மாற்றிக்கொள்ளலாம். நான் எல்லா இடத்திலும் ஆறாயிரம் என்று வைத்துவிட்டு வந்துவிடுவேன். கோயம்புத்தூரில் முப்பது வருட சர்வீஸ் என்று சொல்லிக்கொள்பவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மாட்டிய பத்தாம் நாள் முதலாளி போன் செய்தார். புளோயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் சீவும் ஒரு பெண், மோட்டார் கத்துகிறது, தலை வலிக்கிறது என்று தினமும் சொல்கிறாராம். இரண்டு நாள் பாதி வேலையில் வீட்டுக்குப் போய்விட்டாராம். கத்தி தவறிக் கட்டைவிரலையும் வெட்டிக்கொண்டாராம். "மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா, அந்தம்மணிய வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லீரலாம்" என்றார்.

போனேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். பேரிங் தேய்ந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முன்னும் பின்னும் வைத்துக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே, "சத்தமே இல்லீங்க. எல்லாம் நெனப்புத்தான்" என்று முதலாளியிடம் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். விரலில் துணி சுற்றியிருந்தார். அழவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. "ஏனுங்க சார், மொத நாள் நீங்க பெட்டில பட்டனத் தட்டித் தட்டி வெச்சப்ப அந்தச் சத்தம் மாறி மாறி வந்துதுங்க. நான் செவுத்தப் பாத்து நிக்கறனுங்க. இப்பவும் மாத்துங்க, மாறுனாச் சொல்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றோடு இவர் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். மோட்டார் வேகத்தைத் தொடாமல், ஆறாயிரத்தை எட்டாயிரம் ஆக்கினேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "இப்ப இன்னும் கீச்சுன்னு ஏறிருச்சுங்க" என்றார். ஐந்தாயிரத்துக்கு இறக்கினேன். "எறங்கிருச்சுங்க." பிறகு எதையும் மாற்றாமல், பட்டனைச் சும்மா நாலு தட்டு தட்டிவிட்டு நின்றேன். சுவரைப் பார்த்தபடியே அவர், "இப்ப நீங்க ஒண்ணும் மாத்தலீங்களே" என்றார்.

விசில் இருந்தது. முப்பது வருடம் நூல் மில்களின் இரைச்சலில் நின்ற என் காதுதான் அந்த ஓசைக்கு என்றைக்கோ செத்துப்போயிருக்கிறது. பேரிங்கின் கரகரப்பு கேட்டதால் எல்லாமே கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்போதுதான் இன்னும் இரண்டு பெண்கள், எங்களுக்கும் காது குடைகிற மாதிரித்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார்கள்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மோட்டார் விஷயத்தில் நான் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார். அந்த எண்ணம் ஒரு நிமிடம் வரவும் செய்தது. "அம்மணி சொல்றது நெசந்தானுங்க. கோளாறு எங்காதுல" என்று முதலாளியிடமே சொன்னேன்.

நறுக்கலை ஏகத்துக்கும் ஏற்றினால் விசில் யாருக்கும் கேட்காது. ஆனால் பெட்டி சூடாகி நின்றுவிடும். ஒரே சீராக நறுக்காமல், விசில் ஒரே ஓசையாகக் குவியாதபடி கலைத்துக் கலைத்து நறுக்கும் முறை ஒன்று அதே டிரைவில் இருந்தது. படித்ததோடு சரி, தொட்டதில்லை. அதைப் போட்டேன். எனக்கு வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இப்ப இட்லிச்சட்டில ஆவி போறாப்பல இருக்குதுங்க. இது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "அதுக்கென்னங்க சார், டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார்.

அதன்பின் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். எந்த ஓசை எவ்வளவு கேட்கிறது என்று டாக்டர் வரைந்து காட்டிய கோடு, அந்த விசில் வரும் இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. இப்போதெல்லாம் எங்கே டிரைவ் மாட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களைக் கேட்காமல் வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், சத்தமே இல்லை என்று சொல்லி ஒருவருடைய பிழைப்பில் மண்ணைப் போட இருந்தேனே என்ற கூச்சம், ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வருகிறது.