அக்காவின் படத்துக்கு விழுந்த ஒப்பாரி

ஹட்டனில் ஓர் அச்சகத்தில் படம் வரைந்துதான் பல வருடம் வயிற்றைக் கழுவினேன். தேயிலைப் பொட்டலத்துக்கு, கூடையோடு பல்லைக் காட்டி நிற்கும் பெண். நான் வரைந்த அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் வியர்த்ததில்லை, ஒருத்தி காலிலும் அட்டை கடித்ததில்லை. மிச்ச நேரத்தில் செத்தவர்களின் படம். அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் முகத்தைப் பெரிதாக்கி, தலையை வாரிவிட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஓர் ஆளின் படம் தனியாகச் சுவரில் ஏறுவது செத்த பிறகுதான்.

சலித்துப்போய், மனிதர்களை உள்ளபடி வரையலாம் என்று வேலையை விட்டேன். வந்தது வினை. யாரைக் கூப்பிட்டாலும், "எனக்கு இன்னும் காலம் இருக்கு தம்பி" என்று நழுவினார்கள். கடைசியில் என் அக்காதான் மனமிரங்கினாள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த கோலத்திலேயே, ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். என் வாழ்நாளில் நான் உருப்படியாக வரைந்த படம் அதுதான். கொழும்பில் ஒரு கண்காட்சிக்கும் கேட்டிருந்தார்கள்.

சாயம் காயட்டும் என்று அவள் வீட்டுச் சுவரில் மாட்டினேன். புத்தி எங்கே போயிற்றோ! வட்டவளையிலிருந்து வந்த அவள் நாத்தனார் வாசலில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ மதினி! ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். லயமே திரண்டது. அடுப்படியிலிருந்து தேத்தண்ணியோடு அக்கா வந்து நின்ற பிறகும் அழுகை லேசில் ஓயவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு யோசனை. எரித்துவிடு என்றார் ஒருவர். வளையல் போட்டு, சிரிக்க வைத்துவிடு என்றார் இன்னொருவர்.

"அது வேணாம்னுதானே வேலையவே விட்டேன்!" என்று கத்தினேன்.

கத்தி என்ன பயன்? அது அக்காவின் முகம். அவள் வேண்டாம் என்றால் படம் கொழும்புக்குப் போகாது. அவள் படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"செத்தவங்களையெல்லாம் லச்சணமா வரைஞ்ச. என்னைய மட்டும் ஏன் இப்படிப் போட்ட?"

"நீ இப்படித்தானே இருக்க!"

"இருக்கேன்தான்" என்றாள். பிறகு, "கொண்டு போ. ஆனா அங்க பாக்க வர்றவங்ககிட்ட சொல்லிடு, இவ இன்னும் உசுரோடதான் இருக்கா, நாளைக்கும் கொழுந்தெடுக்க மலைக்குப் போவான்னு."

அதைச் சொல்லத்தானே வரைந்தேன் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குப் பதிலாகப் படத்தை இறக்கினேன்.